கெடாத் தோட்டத் துண்டாடலும் அரசாங்கத்தின் ஏடுகளும்

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006-இல், நாகப்பட்டினத்துப் புத்த விகாரம் ஒன்றிற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அவ்விகாரத்தைத் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுப்பித்தவன் கடாரத்து வேந்தன் மாறவிசயோத்துங்கவர்மன். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சுக்காரர் வழியே இலெய்டன் நகரம் சென்றமையால், இலெய்டன் பெரிய செப்பேடுகள் என்று வரலாற்றாசிரியர்களால் வழங்கப்படுகின்றன. கடாரத்தையும் சோழநாட்டையும் இணைக்கும் சான்று என்று அவற்றை மாணாக்கர்க்குக் கற்பிக்கிறோம். ஆட்சிமுறையைப் பற்றி அவை சொல்லும் செய்தியைப் பலரும் கூர்ந்து நோக்குவதில்லை.

மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையை ஓலை எழுதுவோன் எழுதுகின்றான். ஓலைநாயகம் அதனை ஒப்புநோக்குகின்றான். வரித் திணைக்களத்து அலுவலர் பலர் கூடிக் கணக்கில் ஏற்றுகின்றனர். பின்னர் ஆணை நாட்டார்க்குச் செல்கின்றது. பெண் யானையை நடத்தி ஊரின் எல்லை வகுக்கப்படுகின்றது. சுற்றிலும் உள்ள ஊர்களின் சார்பாளர் உடனிருந்து கையெழுத்திடுகின்றனர். இம்முறையால் உழுகுடி மக்களின் வாழ்வு உயர்ந்தது என்று சொல்லச் செப்பேட்டில் இடமில்லை. சோழராட்சிக்குப் புகழ்மாலை சூட்டுவதும் ஈண்டு நோக்கமன்று. ஒரு நிலம் கைமாறும்போது அதனால் தொடர்புறும் அலுவலகங்களும் அண்டை ஊர்களும் ஒரே ஆவணத்தில் வந்து நின்றன என்பதே கருதத்தக்கது.

ஏறத்தாழ 950 ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய கடாரத்திலேயே நிலங்கள் மீண்டும் பெருமளவில் கைமாறின. கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ‘தோட்டத் துண்டாடல்’ என்னும் சொல் அக்காலத்துத் தமிழ் நாளிதழ்களில் அச்சேறாத வாரம் அரிது. அதன் விளைவை ஆராய அரசாங்கம் அறிஞர் ஒருவரை அமர்த்தியது, அறிக்கையும் வந்தது. அவ்வறிக்கை சென்று சேரவேண்டிய மேசை எது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

போருக்கு முந்திய படிப்பினை

இச்சிக்கல் விடுதலைக்குப் பின் புதிதாக முளைத்ததன்று. கெடா 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு மாறிய பின், இரப்பர் பயிர் விரைந்து பரவியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் பினாங்கில் இறங்கிக் கங்காணிமாருடன் கெடாத் தோட்டங்களுக்கு நடந்தனர். கெடா கூட்டு மலாய் நாடுகளில் சேராத தனிநாடாதலால் அதன் தொழிற்சட்டமும் தனியே இருந்தது.

தொழிலாளர் குடியேற்றத்தையும் அதற்கான நிதியையும் கவனிக்க 1907-இல் இந்தியர் குடியேற்றக் குழு நிறுவப்பட்டது. தொழிற் கட்டுப்பாட்டு அதிகாரி அதன் தலைவர். தோட்டத்துரைமார் அதன் உறுப்பினர். பிற்காலத்தில் நிலையான கூலி இவ்வளவு என்று வகுக்கும் பொறுப்பும் இக்குழுவிற்கே வந்தது. கூலி கொடுப்போரே கூலியின் போதுமையை அளக்கும் துலாக்கோலையும் பிடித்திருந்தனர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் 1920-களிலிருந்து கோலாலம்பூரில் இருந்தார். அவர் தோட்டங்களுக்குச் செல்லலாம், வீடுகளைப் பார்க்கலாம், ஆண்டறிக்கை எழுதலாம். ஆணையிடும் உரிமை அவருக்கில்லை.

முதன்மையான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி, 1930-களின் மந்தத்தில் ஆணுக்கு 28 காசு வரை இறங்கியது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1937-இல் வெளிவந்த அவரது அறிக்கை, பழைய 50 காசையும் 40 காசையும் மீண்டும் தரவேண்டும் என்றது. உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னது. இரண்டாவது கருத்துக்காகச் சாஸ்திரியார் கடுமையாகத் தாக்கப்பட்டார். முதற் பரிந்துரைப்படி கூலி ஏறியது. ஆயினும் ஓராண்டு நிற்பதற்குள் இரப்பர் விலை சாய்ந்ததைக் காரணங்காட்டி, 1938-இல் 45 காசு, 36 காசு என்று மறுபடியும் குறைத்தனர். அவ்வாண்டு ஜூன் 15 முதல் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஆய்ந்தவர் ஓரிடத்தில், முடிவெடுப்பவர் வேறிடத்தில் இருந்தமையால், ஆய்வுரை கூலிப்பட்டியலில் நிலைக்கவில்லை. இறுதியில் அதற்கு வலுவூட்டியது கப்பலை நிறுத்தும் ஆற்றல்தான்.

நிலம் மாநிலத்தினது, தொழில் கூட்டரசினது

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது அரசியலமைப்புச் சட்டம் அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பிரித்தது. நிலம் மாநிலப் பட்டியலில் நின்றது. தொழிலாளர் நலன், கல்வி, குடியுரிமை ஆகியவை கூட்டரசுப் பட்டியலில் நின்றன. கூட்டாட்சி நாடு எதிலும் இத்தகைய பிரிவினை இயல்பே. ஆனால் தோட்டம் என்பது அப்படிப் பிரிந்து வாழும் பொருளன்று. ஒரே வேலிக்குள் மரமும் லயமும் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் கோயிலும் இருந்தன. வேலையோடு வீடு ஒட்டியிருந்தது. வீட்டோடு பிள்ளையின் பள்ளி ஒட்டியிருந்தது. மரம் விற்கப்பட்டால் மற்ற யாவும் அதனோடு சாயும்.

துண்டாடல் நடந்த விதத்தைச் சற்று விளக்கமாகக் காணலாம். கொரியப் போரையொட்டி இரப்பர் விலை உயர்ந்தபின், நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி ஐயுற்ற அயல்நாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்க முன்வந்தனர். நகரத்து வணிகர் சிலர் கூடி மொத்தமாக வாங்குவர். மொத்தமாக வாங்கிய நிலத்தைச் சிறுசிறு பகுதிகளாக விற்றால் ஏக்கருக்குக் கிடைக்கும் விலை மிகுதி. ஆகவே நில அளவையாளர் வருவார், எல்லைக்கல் ஊன்றப்படும், வட்டார நில அலுவலகத்திற்கு மனுச் செல்லும். இதில் சட்டத்திற்குப் புறம்பானது எதுவுமில்லை.

நில அலுவலகம் எவற்றைப் பார்த்தது? 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின் 136-ஆம் பிரிவைப் படித்தால், நிலப் பிரிவினைக்கு வேண்டிய நிபந்தனைகள் விளங்கும். நிலவரி பாக்கி இருத்தல் கூடாது. ஒவ்வொரு துண்டிற்கும் செல்ல வழி இருத்தல் வேண்டும். வேளாண் நிலமாயின் துண்டு ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் குறைதல் கூடாது. நிலத்தின்மீது பதிவுபெற்ற உரிமையுடையோர் எழுத்தால் இசைவு தரவேண்டும். இந்த இறுதி நிபந்தனை ஊன்றிப் படிக்கத்தக்கது. அடைமானம் பிடித்த வங்கிக்குப் பதிவுபெற்ற உரிமை உண்டு. ஆகவே வங்கியின் இசைவு கேட்கப்படும். முப்பதாண்டு அந்நிலத்தில் பால் வெட்டியவனுக்குப் பதிவுபெற்ற உரிமை ஏதுமில்லை. ஆகவே அவனைக் கேட்கவேண்டிய கடமை அலுவலர்க்கு எழவில்லை. அலுவலர் இரக்கமற்றவர் என்று கூறுதல் பொருந்தாது. படிவத்தில் இல்லாத கட்டத்தை அவர் நிரப்ப இயலாது.

தொழில் இலாகாவின் நிலைமை வேறு. அதன் அதிகாரி லயங்களைப் பார்வையிடுவார்; சம்பளப் பாக்கியை விசாரிப்பார்; அவையெல்லாம் முதலாளி ஒருவர் இருக்கும்வரைதான். நூறு ஏக்கர் தோட்டம் பத்துப் பேரிடம் பத்துத் துண்டாகப் போனபின் அங்கே மானேஜர் இல்லை, கிராணி இல்லை, பெயர்ப்பதிவேடு இல்லை. புதிய உடைமையாளர் ஒப்பந்தக்காரனை வைத்துப் பால் வெட்டுவிப்பார். கல்வி இலாகாவிற்கு ஒருநாள் தலைமையாசிரியரிடமிருந்து மடல் வரும்: மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்பது நில அலுவலகத்தின் கோப்பில் ஓராண்டுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அக்கோப்பு கல்வி இலாகாவிற்கு வருவதில்லை.

எண்ணிக்கையில் மறைந்த மக்கள்

இதனினும் நுட்பமான ஒன்று புள்ளிவிவரத்தில் இருந்தது. மலாயாவின் அரசாங்கக் கணக்கில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள இரப்பர் நிலம்தான் எஸ்டேட். அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். எஸ்டேட்டுகளின் விளைச்சல், தொழிலாளர் தொகை, கூலி ஆகியவை முறையாகத் திரட்டப்பட்டு ஆண்டுதோறும் வெளியாயின. துண்டாடப்பட்ட தோட்டமோ பெரும்பாலும் அந்த 100 ஏக்கர் வரம்பிற்குக் கீழே இறங்கிவிடும். இறங்கியதும் அந்நிலம் எஸ்டேட்டுக் கணக்கிலிருந்து நீங்கும். அதில் வேலை செய்தோரும் நீங்குவர். எஞ்சிய எஸ்டேட்டுகளின் சராசரியைப் பார்ப்பவர்க்குக் கூலியும் வீடும் முன்போலவோ முன்னிலும் மேலாகவோ தோன்றக்கூடும். துண்டாடலால் இடர்ப்பட்டவர் யாரோ, அவரை நீக்கிவிட்டு எடுத்த சராசரி அது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மருத்துவமனையில் இறப்புக் குறைந்தது என்று எழுதுவது போன்றதே இது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானபின் துண்டாடலை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தது. ம.இ.காவும் முறையிட்டது. அரசாங்கம் ஆராய்ச்சிப் பொறுப்பை மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசீஸிடம் விட்டது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிய அவரது விரிவான ஆய்வு 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நேரிற்சென்று திரட்டிய செய்திகளைக் கொண்டு எழுதப்பட்ட அந்நூல், துண்டாடப்பட்ட நிலத்தில் பராமரிப்புக் குன்றுவதையும் தொழிலாளர் வேலையும் உறைவிடமும் இழப்பதையும் எடுத்துக்காட்டி, அரசாங்கக் கட்டுப்பாடு தேவை என்றது. நாட்டின் முதற்றரமான பொருளாதார அறிஞர் ஒருவர், அரசாங்கமே கேட்டுக்கொண்டபடி, அரசாங்கத்தின் வழக்கமான புள்ளிவிவரம் காணாததைக் கண்டுரைத்தார். ஆய்வு என்ற அளவில் இதற்குமேல் வேறென்ன வேண்டும்?

கூட்டரசிற்கு அளித்த அறிக்கை அது. நிலமோ மாநிலங்களின் கையில் இருந்தது. இரண்டையும் இணைக்க அரசியலமைப்பின் 91-ஆம் பிரிவு தேசிய நில மன்றம் ஒன்றை வகுத்திருந்தது. மாநிலத்திற்கு ஒருவரும் கூட்டரசின் சார்பில் சிலரும் அமரும் அவை அது. நிலத்தில் வாழும் தொழிலாளர்க்கென்று அதில் இருக்கை குறிக்கப்படவில்லை. நிலவரி மாநிலங்களின் வருவாய். நிலம் பற்றிய அதிகாரம் மலாய் ஆட்சியாளர் காலத்திலிருந்து வரும் பெருமைக்குரிய உரிமை. கோலாலம்பூரில் எழுதிய ஆய்வுரையைக் கொண்டு அவ்வுரிமையைக் குறுக்க எந்த மாநிலமும் விரையாது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

தேசிய நிலச் சட்டத்தில் இன்று 214ஏ என்றொரு பிரிவு உள்ளது. 40 எக்டருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவர்க்கோ பலர்க்கோ மாற்றிக் கொடுப்பதாயின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெறவேண்டும் என்பது அதன் சாரம். எண்ணோடு ஒட்டியுள்ள எழுத்தே அதன் வரலாற்றைச் சொல்லும். 1965-இல் சட்டம் இயற்றியபோது அது இல்லை. அசீஸ் அறிக்கை கையில் இருந்தும் இல்லை. பின்னர் திருத்தமாக வந்து 214-க்கும் 215-க்கும் இடையே நுழைந்தது. அதற்குள் துண்டாடலின் பேரலை அடித்து ஓய்ந்திருந்தது.

சட்டம் வருமுன்னரே வேறொரு முயற்சி தலையெடுத்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனாரின் முன்முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவது அதன் நோக்கம். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினர். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். நாடு முழுவதுமுள்ள தோட்டத் தொழிலாளரின் பத்து வெள்ளிகள் கெடா மண்ணில்தான் முதலில் வேர்விட்டன. சம்பந்தனார் அப்போது கூட்டரசு அமைச்சர். அமைச்சரவையில் இருந்தவர் ஒருவரே துண்டாடலைத் தடுக்கக் கூட்டுறவு வழியை நாடினார் என்பது, அரசாங்கத்தின் உள்ளே அவ்வழி எவ்வளவு குறுகலாயிருந்தது என்பதற்குச் சான்றாகும். அவருடைய பெருமைக்கு இதனால் குறைவு நேராது.

செயலறையின் வரைபடம்

அக்காலத்தில் அரசாங்கத்திடம் மதிப்பீட்டுக் கருவிகள் இல்லை என்று எண்ணுவது தவறு. துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் ஊரக வளர்ச்சி அமைச்சையும் ஏற்று, கோலாலம்பூரில் செயலறை ஒன்றை அமைத்தார். வட்டாரந்தோறும் சிவப்புப் புத்தகம் எனப்பட்ட பெரிய ஏடு வைக்கப்பட்டது. எந்தக் கம்பத்திற்குச் சாலை, எதற்குக் கிணறு, எதற்குப் பாலம் என்பன வரைபடத்தாள்களில் குறிக்கப்பட்டன. ரசாக் நேரிற் சென்று, எழுதியது நடந்ததா என்று அதிகாரிகளைக் கேட்பார். திட்டத்தின் பயனை ஆட்சியின் உள்ளிருந்தே தொடர்ந்து சோதித்த சிறந்த முறைகளுள் இஃதொன்று என அயல்நாட்டு அறிஞரும் போற்றினர்.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். ஊரக வளர்ச்சித் திட்டங்களின் எல்லைக்குள் அது வரவில்லை. குடிநீருக்கும் மின்விளக்குக்கும் சாலைக்கும் தோட்டத்து நிருவாகமே பொறுப்பு என்று கொள்ளப்பட்டது. கம்பத்திற்குக் கிடைத்த கண்காணிப்பு அடுத்திருந்த லயத்திற்குக் கிடைக்காமற் போனதற்கு இதுவே முதற் காரணம். அளக்கும் கருவி செம்மையானது. அளக்கப்படும் பரப்பில் தோட்டம் சேர்க்கப்படவில்லை.

1966-இல் மாண்ட்கொமரி, எஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மலேசிய நிருவாகத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். அதன்படி பிரதமர் இலாகாவில் வளர்ச்சி நிருவாகப் பிரிவு எழுந்தது. 1970-களில் அது மேலும் விரிந்து, செயலாக்க ஒருங்கிணைப்புப் பிரிவும் நிருவாக நவீனப்படுத்தும் பிரிவுமாகப் பிரிந்தது. 1970-களின் ஐந்தாண்டுத் திட்டங்களில் தோட்டத் தொழிலாளர் வறுமைப்பட்ட பிரிவினருள் ஒருவராக எண்ணப்பட்டனர். 1980-இல் வேலைநீக்க இழப்பீட்டு விதிகள் வந்தன: ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு ஆண்டுக்கு 20 நாட்கூலி. 1990-இல் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் புதுக்கப்பட்டது. 2013-இல் புதிய விதி ஒன்றை இயற்றுமுன் அதன் விளைவை எழுத்தில் மதிப்பிட வேண்டும் என்னும் கொள்கையைக் கூட்டரசு அமைச்சுகள் ஏற்றன. இவை ஒவ்வொன்றும் நன்மையே. எனினும் இவை கூட்டரசின் ஏட்டில் எழுதப்பட்டவை.

கெடாவிலோ 1980-களுக்குப் பின் தோட்டம் துண்டாடப்படுவதைவிட, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்குமாக முழுமையாக மாறுவதே பெருகியது. சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்கள் தோட்டங்களின்மீதே பரந்தன. நிலத்தின் பயன்வகையை மாற்றும் அதிகாரம் நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி மாநில அரசினுடையது. துண்டாடலுக்கென வைத்த பூட்டு 214ஏ-இல் இருக்க, நிலம் 124 வழியே நடந்து சென்றது.

பள்ளிகளின் நிலைமையிலும் இதே இரட்டை வழக்கைக் காணலாம். ஆசிரியர்க்குச் சம்பளம் அரசாங்கம் தருகின்றது; பாடத்திட்டமும் அரசாங்கத்தினது. ஆயினும் நிலம் தோட்டத்தினது என்பதால் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் இருந்தன. கட்டடத்திற்கு அரசின் முழுப் பணம் வரவில்லை. நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு எழுதித் தருமாறு தோட்ட நிருவாகத்தைக் கேட்கும் பணி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின்மீதும் தலைமையாசிரியர்மீதும் விழுந்தது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ எட்டவில்லை. சிறு பள்ளிகளை இணைத்ததும் இக்குறைவிற்கு ஒரு காரணம். மக்கள் நகருக்குப் பெயர்ந்தது மற்றொன்று. மறைந்த தோட்டங்களோடு மறைந்த பள்ளிகள் எத்தனை என்று பிரித்தறிய வேண்டுமாயின் நில அலுவலகத்தின் பதிவையும் கல்வி இலாகாவின் பதிவையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஆண்டுவாரியாக ஒப்பிடுதல் வேண்டும்.

கெடாவின் நகர்ப்புறங்களில் வீட்டு வரிசைகளுக்கு நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் இன்னும் இருக்கின்றது. தோட்டம் என்பது அதன் பொருள். கண்ணுக்கெட்டிய தொலைவில் பால்மரம் இராது. உரிமம் இடம் மாறியபோது பெயர் மாறவில்லை.